மதிப்பீட்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி: பிளம்பருக்குச் சம்மதம் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையை ஒட்டிய பகுதியில், ஈரம் ஊறிப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. பார்க்க வந்த பிளம்பர், குளியலறைக் குழாய்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று கூறி, ‘குளியலறைக் குழாய் வேலை, பொருளும் கூலியும் சேர்த்து’ என்ற ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதித் தந்தார். அதில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார். இன்னொருவர் ஏறக்குறைய பாதித் தொகைக்கே அதே வேலையை முடித்துத் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் வேலையைக் கொடுப்பது?

பதில்: இப்போதைக்கு இருவரிடமும் கொடுக்க வேண்டாம். இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஏனெனில் இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதே உங்களுக்குத் தெரியாது. அதற்கும் முன்னதாக, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களுள் எவரேனும் சோதித்துப் பார்த்தாரா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்’ என்பது கண்டறிதல் ஆகாது.

குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு: தண்ணீர் கொண்டுவரும் குழாய், கழிவுநீரை வெளியேற்றும் குழாய், ஓடுகளின் இணைப்பு இடைவெளி. கொண்டுவரும் குழாயில் எந்நேரமும் நீரழுத்தம் இருப்பதால் அதன் கசிவு இரவும் பகலும் நிற்காது. மற்ற இரண்டும் குளியலறையைப் பயன்படுத்தும்போது மட்டுமே கசியும். இந்த வேறுபாட்டைக் கொண்டு நீங்களே செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். வீட்டுக்கு மேல்நிலைத் தொட்டி இருந்தால், இரவு படுக்கும் முன் தொட்டிக்கு நீர் ஏறும் வழியை அடைத்து, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரில் குறித்துவைத்து, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். தொட்டி இல்லாமல் நேரடி இணைப்பு என்றால், தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்து ஒப்பிட்டாலே போதும். (தொட்டி உள்ள வீட்டில் மீட்டர் உதவாது, அது தொட்டிக்கு முந்தைய குழாயில் ஏற்படும் கசிவை மட்டுமே காட்டும்.) மட்டம் குறைந்திருந்தால் உடனே சுவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் சிறிது வண்ணம் கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டு, கோப்பையில் வண்ணம் இறங்குகிறதா என்று பாருங்கள்; இறங்கினால் அங்குள்ள ரப்பர் வால்வுதான் நீரை விட்டுக்கொண்டிருக்கிறது.

மட்டம் அசையவே இல்லையென்றால் இன்னும் ஓரிரு இரவுகள் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், மிக மெல்லிய கசிவு ஒரே இரவில் தெரியாமல் போகலாம். அப்போதும் மாற்றமில்லாமல், சில நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டதும் சுவரின் ஈரம் பின்வாங்குகிறது என்றால், பழுது கழிவுநீர்க் குழாயிலோ ஓடுகளின் இணைப்பிலோ இருக்கிறது. அந்த நிலையில் தண்ணீர்க் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினாலும் படுக்கையறைச் சுவர் காயாது. முதல் பிளம்பர் சொன்ன வேலை நேர்மையான விலைக்கே செய்யப்பட்டாலும் அது உங்களுக்கு வீண்செலவாகிவிடும்.

பழுது எதுவென்று தெரிந்தபின், அந்த ஒரு வரியை இருவரிடமும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். குழாய் எந்த வகை, எந்த அளவு, எத்தனை அடி, எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் தரம் என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். வெந்நீர் செல்லும் வழிக்குச் சி.பி.வி.சி. போன்ற வெப்பம் தாங்கும் குழாய் தேவை, சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் பயன்படுத்தத் தக்கதன்று. மலிவான மதிப்பீடு மலிவாக இருப்பதற்கு இந்த ஒரு மாற்றமே காரணமாக இருக்கலாம். அளவு, தரம், தயாரித்த நிறுவனம் ஆகியவை குழாயின் உடலிலேயே நீளவாக்கில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், பொருள் வந்து இறங்கியதும் சீட்டில் உள்ளதையும் குழாயில் உள்ளதையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். டேப் திருகப்படும் இடங்களில் பித்தளை மரை கொண்ட இணைப்புகளா, முழுவதும் பிளாஸ்டிக்கா என்பதையும் கேளுங்கள். அடிக்கடி திருகப்படும் இடத்தில் பிளாஸ்டிக் மரை எளிதில் விரிந்துவிடும்.

கூலியில்தான் பெரிய இடைவெளி ஒளிந்திருக்கும். குழாய் பதிக்கச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டுவது யார்? வேலை முடிந்தபின் சிமென்ட் பூசுவது, ஓடு ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்துவது ஆகியவை தொகைக்குள் அடங்குமா? ‘அது கொத்தனார் வேலை’ என்ற பதில் வேலை பாதியில் நிற்கும்போது வருவதைவிட இப்போதே வருவது நல்லது. பழைய ஓட்டின் அதே நிறமும் வடிவமும் கடையில் கிடைக்காமல் போவது மிகச் சாதாரணம் என்பதால், எத்தனை ஓடுகள் உடையும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உடைத்தால்தான் தெரியும் என்று பிளம்பர் சொன்னால், அது உண்மையே. எந்த மதிப்பீட்டிலும் கொஞ்சம் நெகிழ்வுக்கு இடம் கொடுத்தாக வேண்டும். ஆனால் கூடுதல் வேலை எதுவாயினும் உங்களிடம் காட்டி, தொகையை எழுதி, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்கப்படும் என்ற ஒரு வாக்கியம் சீட்டில் இருக்கட்டும். இணைப்புப் பசை காய்ந்தபின், பூச்சுக்கு முன்பு, குழாயில் நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார் என்பதும் எழுத்தில் வர வேண்டும். என்னைக் கேட்டால், இதற்கு மறுக்கிற ஒருவருக்கு எவ்வளவு குறைந்த தொகையானாலும் வேலை தரக் கூடாது. அந்தச் சோதனையின்போது திறந்திருக்கும் சுவரை அளவுநாடாவுடன் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆணி அடிப்பவர் குழாயைத் துளைக்காமல் இருப்பார்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, பாதித் தொகை என்பது அதிகம். பொருளுக்கான பணத்தை ரசீதின் பேரில் தாருங்கள். கூலியை வேலை நகர நகரப் பிரித்துத் தாருங்கள். சிறு பகுதியைச் சுவர் காயும் வரை நிறுத்தி வைப்பதற்கு இப்போதே ஒப்புதல் பெறுங்கள்.

கேள்வி: பொருள்களை நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் செலவு குறையாதா?

பதில்: சில நேரம் குறையும். ஆனால் பிறகு கசிந்தால் பிளம்பர் உங்கள் பொருளைக் குறை சொல்வார், கடைக்காரர் பிளம்பரின் கைவேலையைக் குறை சொல்வார். டேப், ஷவர் போன்று கண்ணுக்குத் தெரிபவற்றை நீங்கள் வாங்குங்கள். சுவருக்குள் மறைபவற்றை அவரே ரசீதுடன் வாங்கி, வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்தே பொறுப்பேற்கட்டும். கடையில் அவருக்குக் கிடைக்கும் சிறு தள்ளுபடியைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. குழாய்கள் முழு நீளமாகவே விற்கப்படுவதால் மீதம் விழுவது இயல்பு. அந்த மீதத்துக்கும் பணம் கொடுத்தவர் நீங்களே என்பதால், பயன்படாத இணைப்புகளைக் கடையில் திருப்பித் தருவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதை நீங்கள் முடிவுசெய்யலாம்.