அண்ணன் கொடைக்கானல் போகும் முன்

சகோதரி, அண்ணனுக்கு 3 வருடமாக மனச்சோர்வு, 2 மருந்து மாற்றியும் பலனில்லை, போதைக் காளான் மனச்சோர்வைத் தீர்க்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மாத்திரையை விட்டுவிட்டு நண்பர்களோடு கொடைக்கானலில் அதைச் சாப்பிடப் போகிறேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அவர் படித்தது பொய்யல்ல. அந்தக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற போதைப்பொருளை 233 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 25 மில்லிகிராம் ஒரே தடவை. அந்தப் பிரிவில் 3 வாரத்தில் பாதியளவாவது தேறியவர்கள் 37 சதவீதம். ஆனால் அது அளந்து கொடுத்த மருந்து. கண்ணைக் கட்டி, மெல்லிய இசை போட்டு, பயிற்சி பெற்றவர் பல மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மலையில் பொட்டலத்தில் கிடைப்பது எந்தக் காளான், எவ்வளவு வீரியம் என்று யாருக்குத் தெரியும்? சட்டப்படியும் குற்றம்.

சித்தப்பாவுக்கு பைபோலார் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம். குடும்பத்தில் அப்படி இருந்தால் இதுபோன்ற காளான் ஆய்வுகள் பலவற்றில் சேர்க்கவே மாட்டார்கள். அண்ணனின் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்துத் தேர்வே மாறலாம்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். என் அக்கா அப்படி நிறுத்தி, தலையைத் திருப்பினாலே ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு, மயக்க மருந்தான கெட்டமைனைக் கொண்டு செய்யும் சிகிச்சை இங்கேயே சட்டப்படி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.