வேலை முடித்துக் கொடுத்தும் பணம் தராமல் இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் சட்டப்படி எப்படி வசூலிப்பது?

கேள்வியில் ‘சட்டப்படி’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆள் வைத்து வசூலிக்கலாம் என்று யாரோ யோசனை சொல்லி, மனசு ஒப்பாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒருவர் சொன்னார், பத்து சதவீதக் கமிஷனுக்கு. நல்லவேளை, போகவில்லை. போயிருந்தால் பாக்கி வைத்தவர் புகார் கொடுத்திருப்பார், ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன்.

நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். தைப்பதற்கு வெட்டிய துணி, அதாவது கட்டிங் பீஸ் வரும், டிசைன் அடித்துத் திருப்பி அனுப்புவோம். பீஸுக்கு இவ்வளவு என்று ஜாப்வொர்க் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும், பார்ட்டி பணம் போட்டாலும் போடாவிட்டாலும்.

2021 அக்டோபரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு அடித்துக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. சேர்த்து 6,84,000 ரூபாய் நின்றுவிட்டது. பெயர் வேண்டாம். ஆபீஸுக்குப் போனால் “வாங்கண்ணா, டீ சாப்பிடுங்க” என்பார். டீயும் வரும். பணம் மட்டும் “அடுத்த வாரம்ண்ணா”. கடைசியில் தொந்தரவு தாங்காமல் தலா இரண்டு லட்சத்துக்கு மூன்று செக், வரப்போகும் தேதிகள் போட்டுக் கொடுத்தார். மீதி 84,000 பிறகு பார்க்கலாம் என்றார்.

முதல் செக் ஏப்ரலில் திரும்பியது. பேங்கில் கொடுத்த ரிட்டன் மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். “ஐயோ, ஷிப்மென்ட் பணம் வரல, பத்து நாள் பொறுங்கண்ணா, கேஸ் கீஸ்னு போயிடாதீங்க” என்றார். பொறுத்தேன். அந்தப் பொறுமைக்கு விலை இரண்டு லட்சம்.

செக் ரிட்டனுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் எல்லாமே நாள் கணக்கு. மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 30 நாளைத் தவறவிட்டாலும், தேதியிலிருந்து மூன்று மாதம் வரை செக் உயிரோடு இருக்கும். மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால், அந்த மெமோவை வைத்துப் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வக்கீலிடம் நான் போனது ஆகஸ்டில். செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இனி பேப்பர்தாங்க” என்றார்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். அவர் கொடுத்த செக் திரும்பியதற்கு என் கணக்கில் சார்ஜ் பிடித்தார்கள், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. மேனேஜரிடம் கேட்டால் “சிஸ்டம் எடுக்குதுங்க சார்”. அதே பேங்கில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்கப் போனபோது சிஸ்டம் ஒன்றும் எடுக்கவில்லை, மேனேஜரே ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து நீட்டினார். என் வயதுக்கு அது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. வருடாவருடம் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாவது செக்கின் தேதி ஜூனில் வந்தது. அதை நான் ஜூலைக் கடைசியில்தான் போட்டேன், அதுவும் அவர் பேச்சைக் கேட்டுத்தான். பணமில்லை என்று திரும்பியது. மூன்றாவதற்கு அவரே ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்திருந்தார். நிறுத்தி வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்கும் 138 பொருந்தும். இந்த இரண்டுக்கும் வக்கீல் கையோடு நோட்டீஸ் அனுப்பினார். கதவு பூட்டியிருந்தது என்று ஒன்று திரும்பி வந்ததும் பயந்துவிட்டேன். விலாசம் சரியாக இருந்தால் சேர்ந்ததாகத்தான் கணக்கு என்றார். கேஸ் போடப் பார்ட்டியின் ஊருக்கு அலைய வேண்டாம், செக்கை நாம் போட்ட நம் பேங்க் கிளை இருக்கும் எல்லையிலேயே போடலாம். தண்டனை இரண்டு வருடம் வரை, அபராதம் செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை. 2018-க்குப் பிறகு, கேஸ் நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாய்தா வாய்தாதான். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

உண்மையில் பணத்தை அசைத்தது வேறு ஒன்று. உங்கள் கேள்வியில் நீங்கள் எம்.எஸ்.எம்.இ.யா (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) என்று சொல்லவில்லை. குறு, சிறு யூனிட்டாக இருந்து, அதற்கான அரசின் உத்யம் பதிவும் வேலை முடித்துக் கொடுப்பதற்கு முன்பே எடுத்திருந்தால், இதைத்தான் முதலில் பாருங்கள். எம்.எஸ்.எம்.இ.களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது, எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-இல் வங்கி விகிதம் 6.75 ஆக இருந்தது, அப்படியென்றால் 20.25 சதவீதம். கந்துவட்டிக்காரனே கொஞ்சம் யோசிப்பான்.

இதற்கான சமாதான் என்ற இணையதளத்தில் பில், டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எல்லாம் ஏற்றி செப்டம்பரில் மனு போட்டேன். அது இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும், கோவையில் இருக்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போனது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்குச் சமரசப் பேச்சுக்கே 2023 ஆகஸ்ட் ஆகிவிட்டது. ‘சட்டத்தில் 90 நாள்தானே’ என்று யாராவது என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

சமரசப் பேச்சு அன்றைக்குப் பார்ட்டி வரவில்லை, தன் மேனேஜரை அனுப்பினார். அந்தத் தம்பி பையிலிருந்து ஒரு டெபிட் நோட்டை எடுத்தார். பிரிண்ட் கிராக் ஆகிவிட்டதாம், 1,10,000 பிடித்தமாம். நான் கடைசி பீஸ் கொடுத்து எட்டு மாதம் கழித்துப் போட்ட தேதி. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம், இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை என் ஆடிட்டர் எடுத்துச் சொன்னதும் மேனேஜர் தம்பி அடுத்ததற்குத் தாவினார்: நான்கு டி.சி.யில் கம்பெனி சீல் இல்லை, அந்தச் சரக்கே வரவில்லை.

இது என் தப்பு. மறைக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி போகும், ஸ்டோரில் ஆள் இருக்காது, கேட்டில் வாட்ச்மேன் பச்சை பேனாவில் ஒரு கிறுக்கல் போட்டு அனுப்புவார். அந்தக் கிறுக்கலை வைத்துக்கொண்டு ஒன்றரை லட்சத்துக்கு வாதாட வேண்டியிருந்தது. ஆடிட்டர் அலட்டிக்கொள்ளாமல் கேட்டார்: “சரக்கு வரலைன்னா, அந்த நாலு பில்லுக்கும் ஜி.எஸ்.டி. இன்புட் எடுத்தீங்களா இல்லையா?” இன்புட் என்றால் என் பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி.யை அவர்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது; சரக்கு வராமல் அதை எடுக்க முடியாது. மேனேஜர் தம்பி வெளியே போய் ஃபோன் பேசிவிட்டு வந்தார். அதற்கப்புறம் டி.சி. பேச்சே வரவில்லை.

ஜி.எஸ்.டி. என்றதும் இன்னொன்று. காசு வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மறுமாதம் நான் வரி கட்டிவிட்டேன். வராக்கடன் என்று அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால் அவர் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை ஒரு கடிதமாக எழுதி அவருடைய ஆடிட்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மிரட்டல் இல்லை, சட்டத்தை ஞாபகப்படுத்துவதுதான். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது: குறு, சிறு யூனிட்டுக்குத் தர வேண்டியதை அந்த 15, 45 நாள் கெடுவுக்குள் தராவிட்டால், தரும் வருடம் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் வந்தால் பார்ட்டிகளே ஃபோன் செய்து “உத்யம் நம்பர் அனுப்புங்கண்ணா” என்கிறார்கள். முன்னே யார் கேட்டார்கள்?

கடைசியில் 6,10,000-க்கு முடித்தோம். ஐந்து தவணை, 2024 ஜனவரியில் கடைசித் தவணை வந்த பிறகுதான் செக் கேஸை வாபஸ் வாங்கினேன். வட்டி ஒரு ரூபாய் வாங்கவில்லை. குழுவில் தீர்ப்பு வரை போயிருந்தால் வட்டியும் கிடைத்திருக்கும், அவர் அதை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்று வக்கீல் சொன்னார். தெரியும். எனக்கு அதற்குள் இரண்டு தீபாவளி போனஸ் கடன் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. ஏமாளி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

உத்யம் இல்லையென்றால் சிவில் வழக்குதான். எழுத்தில் ஒப்பந்தமோ செக்கோ இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 37 என்று ஒரு சுருக்க வழக்கு உண்டு. எதிர்வாதம் செய்யவே அவர் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். மூன்று லட்சமும் அதற்கு மேலும் வணிக வழக்கு, அவசர உத்தரவு கேட்காவிட்டால் முதலில் சமரச மையத்துக்குப் போய்வர வேண்டும். திவால் சட்டத்தில் இழுத்துவிடுங்கள் என்று சிலர் வீரமாகச் சொல்வார்கள். 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும், நமக்கு ஆகாது. எந்த வழியாக இருந்தாலும் மூன்று வருடக் காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். அது முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி உண்மைதான்’ என்று அவரிடம் ஒரு பேலன்ஸ் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். சண்டை வருவதற்கு முன்பே வாங்குங்கள். டீ கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. எனக்கு இங்க் கொடுக்கும் கடைக்காரருக்கு நான் 92,000 தர வேண்டும், எழுபது நாள் ஆகிறது. அவர் வாங்கி விற்பவர். வியாபாரிகளும் 2021-இலிருந்து உத்யம் எடுக்கலாம், ஆனால் அது பேங்க் கடனுக்கு மட்டும்தான், 45 நாள் சட்டம் அவருக்கு இல்லை. நேற்று ஃபோன் செய்தார். “அடுத்த வாரம் போட்டுடறேங்கண்ணா” என்றேன்.