நாற்காலி அடுக்க ஆளில்லையா?

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்கக்கூட ஆள் கிடைப்பதில்லை. எல்லா ஊழியத்தையும் நாங்கள் மூன்று பேரே சுமக்கிறோம். மற்றவர்களைக் கேட்டால் ‘ஜெபிக்கிறோம்’ என்கிறார்கள். ஒருவரையொருவர் தாங்குவது என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?

பதில்: நாற்காலி என்றதும் வேதாகமத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாற்காலி ஞாபகம் வருகிறது. அது ஒரு கல். யாத்திராகமம் 17-ல் அமலேக்கியரோடு யுத்தம், மோசே கையை உயர்த்தியிருக்கும்வரைதான் இஸ்ரவேலுக்கு வெற்றி. ஆரோனும் ஊர் என்பவரும் அந்தக் கைகளைத் தாங்கியதைத்தான் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு மோசேயை உட்காரவைத்தார்களே, அதை விட்டுவிடுகிறார்கள். நம் சபைகளில் களைத்துப்போனவருக்குத்தான் இன்னும் இரண்டு பொறுப்பு கிடைக்கும், நன்றாகச் செய்கிறார் என்று. அப்புறம் வருடக் கடைசியில் நன்றியுரையில் அவர் பெயரை வாசித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது! நன்றியுரையை நிறுத்துங்கள் என்று முன்பு எழுதியபோது சண்டைக்கு வந்தவர்கள் மறுபடியும் வரட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் கூடத்தையே பெருக்கி முடித்துவிடலாம்.

சரி, உங்கள் விஷயம். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா? ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று மேடையிலிருந்து அறிவித்தால் அவரவர் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பார்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, எடுத்துக் கட்டியவர்களைச் சொல்லும் நெகேமியா 3-ம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகாதீர்கள். தட்டார், தைலக்காரர், ஆசாரியர், தன் குமாரத்திகளோடு வந்த சல்லூம் என்று ஆளுக்கொரு பங்கு, அதிலும் பலருக்குத் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கு. 52 நாளில் அலங்கம் எழும்பிவிட்டது. அங்கேயும் தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை. நெகேமியா அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார், நீங்களும் போய்விடுங்கள். அதே தெக்கோவா ஊரார்தான் தங்கள் பங்கோடு நிற்காமல் இன்னொரு பங்கையும் கட்டினார்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அலமாரிச் சாவியும் மைக் பெட்டிச் சாவியும் யாரிடம் இருக்கின்றன? புதிதாக வந்த பையன் ஒயரைச் சுற்றும்போது ‘அப்படியில்லை தம்பி, கொடு’ என்று வாங்கி, அவன் சுற்றியதைப் பிரித்து முதலிலிருந்து சுற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பையன் வாசலோடு போய்விடுவான். அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பில் குறை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் பன்னிருவரும் என்ன செய்தார்கள்? ஏழு பேரைச் சபையாரையே தெரிந்தெடுக்கச் சொல்லி, கைவைத்து ஜெபித்து, வேலையை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள், குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆள் எடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மனசு உங்கள் மூன்று பேருக்கும் வேண்டும்.

‘ஜெபிக்கிறோம்’ என்பதைப் படுக்கையில் இருக்கும் ஒருவர் சொன்னால் அது முழு ஊழியம். அவரிடம் வாராவாரம் பெயர்களைக் கொடுங்கள், ஜெபம் கேட்கப்பட்டதா என்பதையும் நேரில் போய்ச் சொல்லுங்கள். திடமாக நிற்பவர் சொன்னால் அவர் கையில் நான்கு நாற்காலியைக் கொடுங்கள், தூக்கிக்கொண்டே ஜெபிக்கலாம்.