ஸ்டீல் வாட்ச் செயினின் கூரான ஓரங்களை வீட்டிலேயே மழுக்க முடியுமா?

கேள்வி: புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்தின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செயின் மணிக்கட்டைக் கீறுகிறது. ஓரங்களை நானே தேய்த்து மழுக்கலாமா? செயின் கெட்டுவிடுமா?

மழுக்கலாம். நான் மூன்று செயின்களுக்குச் செய்திருக்கிறேன். தேய்ப்பதை விட, எங்கே தேய்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, செயினின் உட்பக்க ஓரங்கள் மீது மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். என் முதல் செயினில் கண்ணிகள் எல்லாம் வழவழப்பாகவே இருந்தன. கீறியது பூட்டுக்குள் மடியும் மெல்லிய தகடு. தகட்டை அச்சில் வைத்து வெட்டும்போது, வெட்டு வெளியேறும் பக்கத்தில் பிசிறு நிற்கும். அதை நீக்கத் தனியாக ஒரு வேலை வேண்டும். விலை குறைந்த செயின்களில் பெரும்பாலும் அந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கண்ணிகளை இணைக்கும் சிறு கம்பி (பின்) ஏதாவது வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். கைமுடி சிக்கி இழுபடுவது கண்ணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியால். ஓரத்தை மழுக்கினாலும் அது தீராது. செயின் தொளதொளவென்று இருந்தால் முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். கையில் முன்னும் பின்னும் ஓடும் செயின் சாதாரண ஓரத்தையும் கத்தியாக்கிவிடும்.

கறுப்பு அல்லது தங்க நிறப் பூச்சுள்ள செயினாக இருந்தால் தொடவே வேண்டாம். ஓரத்தில்தான் பூச்சு முதலில் போகும், அடியில் இருக்கும் வெள்ளை எஃகு தெரியும். பூச்சில்லாத எஃகில் அந்தக் கவலை இல்லை. கடிகாரங்களில் பரவலாகப் பயன்படும் 316எல் எஃகு மேலும் உள்ளும் ஒரே உலோகம். துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் தேய்த்த இடத்தில் காற்றுப் பட்டதும் தானாக மீண்டும் உருவாகிவிடும். ஆனால் இரும்பு நார் கொண்டு தேய்க்காதீர்கள், சாதாரண இரும்பை ராவிய அரத்தையும் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் துகள்கள் எஃகில் பதிந்து, பிறகு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

செயினைக் கடிகாரத்திலிருந்து கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கண்ணிகளின் தட்டையான முகங்களை டேப்பால் மூடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது செயினில் டேப் ஒட்டாமல் தேய்த்தேன். உப்புத்தாள் நழுவி, மெல்லிய ரேகைகள் ஓடும் முகத்தில் பளபளவென்று ஒரு திட்டு விழுந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ரேகைகளின் திசையிலேயே நேராக இழுத்து ஓரளவு மறைத்தேன். கண்ணாடிபோல மெருகேற்றிய முகமாக இருந்திருந்தால் அப்படி மறைத்திருக்க முடியாது.

தண்ணீரில் நனைக்கக்கூடிய 600 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான மரக்குச்சியில் சுற்றி, நனைத்து, ஓரத்தில் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். ஓரத்தின் நீளவாக்கில் எட்டுப் பத்து முறை இழுத்துவிட்டு, துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் போனாலே கூர் போய்விடும். அதற்கு மேல் எடுத்தால் ஓரம் உருண்டு, செயின் பழையது போலத் தோன்றும். பிறகு அதைவிட நைசான 1000 நம்பர் தாள், கடைசியில் 2000. கண்ணிகளுக்கு இடையிலுள்ள ஓரங்களை எட்ட, செயினை ஒரு தடித்த பேனாவின் மேல் வளைத்துப் பிடியுங்கள், இடைவெளி திறந்துகொள்ளும்.

பிசிறு மிகச் சிறியதாக இருந்தால் உப்புத்தாளே வேண்டியதில்லை. நல்ல திருப்புளியின் வழவழப்பான உருண்டைத் தண்டால் அந்த ஓரத்தை அழுத்தி நீவுங்கள். தண்டின் எஃகு செயினை விடக் கடினமானது. பிசிறு மடிந்து அமுங்கிவிடும், உலோகமும் குறையாது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். மின்சாரத்தில் சுழலும் கருவிகளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். ஒரு நொடி நழுவினால் விழும் பள்ளத்தை எதனாலும் நிரப்ப முடியாது.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பைக் கலந்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி மடக்கிக் கழுவுங்கள். உப்புத்தாளின் துகள் மூட்டுகளில் தங்கினால் பின்களை அரித்துக்கொண்டே இருக்கும். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

வெளிப்பக்க ஓரங்களில் கை வைக்காதீர்கள். செயினுக்கு அழகு தருவது அந்தக் கூர்மையான கோடுகள்தான், அவை தோலில் படுவதும் இல்லை. உட்புறத்தை மட்டும் மழுக்கி, இரண்டு நாள் அணிந்து பாருங்கள்; இன்னும் கீறினால் பஞ்சை மறுபடி எடுங்கள். கீறலே இல்லாமல் தோல் சிவந்து அரித்தால், அது எஃகிலுள்ள நிக்கலுக்கு ஏற்பட்ட ஒவ்வாமையாக இருக்கலாம். அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.