முன்பக்கம் டிஸ்க் பிரேக், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் மூன்றையும் மாற்றிய பிறகு என் பழைய காரில் பிரேக் லைட் ஓங்கி மிதித்தால்தான் எரிகிறது. ஒயரிங் கோளாறா?

ஓங்கி மிதித்தால் எரிகிறது என்றாலே பல்பும் ஃபியூஸும் ஒயரும் வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம். ஒயரிங்கைப் பிரிக்காதீர்கள். முன்பக்கம் டிஸ்க், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைனில் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டித் தருவது) என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதாகச் சொல்கிறீர்கள். என் சந்தேகமெல்லாம் ஸ்விட்ச் மேல்தான்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பெடல் பக்கத்தில் ஸ்விட்ச் இருக்காது. பிரேக் லைனிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ திருகியிருப்பார்கள். ஆயிலின் அழுத்தம் ஏறி உள்ளேயுள்ள காண்டாக்ட்டை மூடினால்தான் லைட் வரும். உங்களுடையது அந்த வகை என்றால், அது எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பின் சர்க்யூட்டில் இருந்து, பின்பக்க டிரம்மில் ஷூ (உள்ளிருந்து விரிந்து டிரம்மை உரசிப் பிடிக்கும் கட்டை) அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தால், ஷூ போய் டிரம்மைத் தொடும்வரை ஆயில் நகருமே தவிர அழுத்தம் ஏறாது. அதற்குள் முன் டிஸ்க் காரைப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். லைனில் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் இதே கதைதான். ஷூவை அட்ஜஸ்ட் செய்து, மறுபடி ஒழுங்காக ஏர் எடுங்கள். பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

புது மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையும் கவனியுங்கள். முக்கால் அங்குலம் ஒரு அங்குலமானால் பிஸ்டன் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. அதே கால் பலத்துக்கு அழுத்தம் அந்த அளவு குறையும். பூஸ்டர் இதை ஈடுகட்டும், ஆனால் என்ஜின் ஓடும்போதுதான். என்ஜினை அணைத்துவிட்டு சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்.

சிலிக்கான் ஆயில், அதாவது டாட் 5, ஊற்றியிருந்தால் இந்த வகை ஸ்விட்ச் சீக்கிரம் போய்விடுகிறது என்பது பழைய கார் வைத்திருப்பவர்களின் நெடுநாள் புகார். (டாட் 5.1 வேறு, அது சிலிக்கான் இல்லை. பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.) 21 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர், அந்தச் சின்னக் காண்டாக்ட் கருகுவதில் ஆச்சரியமில்லை. லைட் எரியும்படி பெடலை ஓங்கி மிதித்தபடி ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்விட்சைத் தூக்கிப் போடலாம்.

என்னைக் கேட்டால், பிரஷர் ஸ்விட்சையே விட்டுவிட்டு பெடலில் மெக்கானிக்கல் ஸ்விட்ச் போடுங்கள். பெடல் ஓய்வில் இருக்கும்போது அதன் கை ஸ்விட்சின் முனையை உள்ளே அழுத்தியிருக்க வேண்டும். காலை வைத்ததும் முனை வெளியே வந்து லைட் எரியும். தரையில் மண்டியிட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன், பெடலின் வெறும் ஆட்டத்திலேயே 'டிக்' கேட்க வேண்டும். இருட்டிய பிறகு பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால், கண்ணாடியில் சிவப்பு தெரிவதை வைத்துத் தனியாளாகவே சரிபார்க்கலாம்.

ஒன்று மட்டும் அவசரம். லைட் எப்போதாவது அணையாமலே நின்றால், பூஸ்டரின் புஷ்ராட் (மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ராட் பிஸ்டனை லேசாகத் தள்ளியபடியே இருந்தால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமிருக்காது, பிரேக் தானாகவே பிடிக்கும். அந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டரின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினதும் சக்கரம் விடுபட்டால், குற்றவாளி ராட்தான். இதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பெடல் ஸ்விட்சுக்கு மாறினால், பழைய ஸ்விட்ச் இருந்த துளைக்கு அதே த்ரெட்டுள்ள பிளக் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். துணுக்கு பிய்ந்து லைனுக்குள் போகும்.