ஒரு சுரம், இரண்டு வழி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மார்த்தாண்டத்துக்காரன். பகலில் கடை வேலை. டிசம்பர் வந்தால் கேரல், மற்ற மாதங்களில் திருவிழா மேடைகளில் கீபோர்டு. கீபோர்டை லேப்டாப்பில் சொருகியிருக்கிறேன். அதில் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள். அங்கிருந்து வைஃபை வழியாக, ஆர்டிபி-மிடி (கீபோர்டின் மிடி செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) போட்டு, ஐபேடுக்கு அனுப்பி, ஐபேடு ஆப்களில் புல்லாங்குழலும் ஸ்டிரிங்ஸும் வாசிக்கிறேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை.

போன மாதம் ஒரு கடற்கரை ஊர்த் திருவிழா. ரவுட்டர் இல்லாததால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். ஒரு பத்திரத்துக்குக் கீபோர்டின் ப்ளூடூத்தையும் ஐபேடோடு சேர்த்து வைத்தேன். மேடையில் சுரங்கள் பிந்தி வந்தன, சிலது இரண்டு தடவை விழுந்தது, ஒரு ஸ்டிரிங்ஸ் நோட் நிற்கவே இல்லை. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. ஐபேடு பழசாகிவிட்டதா? புதியது வாங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஐபேடுக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். கருவியில் பழுதில்லை, வழியில்தான் பழுது. பத்திரத்துக்கு என்று ப்ளூடூத்தையும் சேர்த்தீர்களே, இரட்டைச் சுரம் வந்தது அதனால்தான். ஒரே கட்டையின் செய்தி ப்ளூடூத்தில் நேராக ஒருமுறை போகிறது. லேப்டாப், ஹாட்ஸ்பாட் என்று ஊர் சுற்றி இன்னொருமுறை போகிறது. ஐபேடு ஆப் பெரும்பாலும் எல்லா வாசலையும் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். யார் வந்து தட்டினாலும் ஒலிக்கும். இரண்டாம் வழியை மாற்றாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் வழியை அடைத்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும்.

மிடியில் ஒலி போவதில்லை, செய்திதான் போகிறது: இந்தக் கட்டை, இவ்வளவு அழுத்தம், இப்போது விட்டாயிற்று. ‘விட்டாயிற்று’ என்பது தனிச் செய்தி. அது போய்ச் சேருமுன் இணைப்பு அறுந்தால், விரல் எடுத்த விஷயம் ஐபேடுக்குத் தெரியாது. உங்கள் ஸ்டிரிங்ஸ் அப்படித்தான் நிற்காமல் ஒலித்திருக்கும். வழியில் ஒரு செய்திப் பொட்டலம் தொலைந்தால் அடுத்ததை வைத்துச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு ஆர்டிபி-மிடியில் உண்டு. ஹாட்ஸ்பாட்டே விழுந்தால் அது என்ன செய்யும்? திருவிழா மைதானத்தில் ஆளுக்கொரு செல்போன், எல்லாம் ஒரே காற்றில் கத்திக்கொண்டிருக்கின்றன.

தாமதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் பையன்கள் இதில்தான் வீணாகக் குழம்புகிறார்கள். ஒலி 1 மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரின் ஒலி உங்கள் காதுக்கு வர 29. அந்தத் தூரத்துப் பெட்டியைக் கேட்டுக்கொண்டே வாசித்தவர்கள்தான் நாமெல்லாம். ஒரே அளவாகப் பிந்தினால் கை பழகிவிடும். ஒரு சுரம் 5, அடுத்தது 40, அதற்கடுத்தது 12 என்று வந்தால் எந்தக் கையும் பழகாது. வைஃபை கெடுப்பது இந்தச் சீரைத்தான்.

ஆகவே மேடைக்குக் கம்பி. வீட்டில் எப்படி வேண்டுமானாலும் வாசியுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. கீபோர்டு செய்தியை வாங்கி ஐபேடுக்குக் கொடுப்பதைத் தவிர, அந்த லேப்டாப் வேறென்ன செய்கிறது? பின்னணி இசை டிராக் மட்டும்தான் ஓட்டுகிறது என்றால், கீபோர்டின் யுஎஸ்பியை நேராக ஐபேடில் சொருகிவிடுங்கள். பழைய ஐபேடாக இருந்தால் அதற்கான கேமரா அடாப்டர் வேண்டும், சார்ஜ் துளையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிராக் தன் போக்கில் ஓடட்டும்.

இல்லை, பாட்டுக்குப் பாட்டு லேப்டாப்தான் ஒலியை மாற்றுகிறது, கட்டைகளைப் பிரிக்கிறது என்றால் வேறு வழி. விண்டோஸ் லேப்டாப்பையும் ஐபேடையும் வெறும் யுஎஸ்பி கேபிளால் இணைத்தால் மிடி தானாக வராது (மேக்கில் அதற்கு வசதி உண்டு). ஐபேடு பக்கம் 5 முள் துளையுள்ள சிறிய யுஎஸ்பி-மிடி பெட்டி ஒன்று, லேப்டாப் பக்கம் நுனியில் 5 முள் உள்ள யுஎஸ்பி-மிடி கேபிள் ஒன்று. கேபிளில் அவுட் என்று இருப்பதைப் பெட்டியின் இன்னில் சொருகுங்கள். மலிவான கேபிள்களில் இந்த எழுத்தைத் தலைகீழாகவும் அச்சடித்திருப்பார்கள். சத்தம் வராவிட்டால் மற்றதைச் சொருகுங்கள், ஒன்றும் எரிந்துபோகாது. 1983-இல் வந்த ஏற்பாடு இது. விநாடிக்கு 31,250 பிட்தான், ஆனாலும் ஒரு சுரத்துக்கு 1 மில்லி விநாடிகூட முழுதாக ஆகாது. வாங்கும் முனையில் செய்தி ஒளியாக மாறித்தான் உள்ளே போகிறது, மின்சாரம் நேராகத் தொடாது. அதனால் ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் இந்த வழியாக இரைச்சல் ஏறாது.

கேபிளில் மிச்சமிருக்கும் முனையைச் சொருகவே வேண்டாம். சொருகினால் என்ன ஆகும் என்பதை நம்மூர் வில்லுப்பாட்டில் பார்க்கலாம். முன்பாட்டுக்காரர் ஒரு வரி எடுக்கிறார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார். அதை முன்பாட்டுக்காரர் திரும்ப வாங்கிப் பாட, அதைப் பின்பாட்டு மறுபடி வாங்கினால், விடிந்தாலும் கொடை முடியாது. ஏபிள்டனில் டிராக்கின் ‘மிடி ஃப்ரம்’ ஆரம்பத்தில் ‘ஆல் இன்ஸ்’ என்றுதான் இருக்கும். ஐபேடு ஆப் வாங்கியதைத் திருப்பி அனுப்பினால் லேப்டாப் அதையும் புதுச் சுரம் என்று எடுத்து மறுபடி அனுப்பும். அந்த இடத்தில் கீபோர்டின் பெயரை மட்டும் தேர்ந்தெடுங்கள். புல்லாங்குழலுக்கு 1-ஆம் சேனல், ஸ்டிரிங்ஸுக்கு 2 என்று ஆப்களிலும் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் எல்லாவற்றுக்கும் வாய் திறக்கும்.

நிற்காத நோட்டுக்கு மருந்தையும் கையோடு வைத்திருங்கள். கீபோர்டில் சும்மா கிடக்கும் பட்டன் ஒன்றுக்கு சிசி 123 என்ற மிடி எண்ணைக் கொடுங்கள், எல்லா நோட்டையும் விடு என்ற கட்டளை அது. சில ஆப்கள் அதை மதிப்பதில்லை. அவற்றுக்கு 120. இரண்டையும் வீட்டில் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குளச்சல் பக்கம் ஒரு மேடை, மாலை 4 மணிக்கு சவுண்ட் செக். மேற்கு வெயில் நேராக ஸ்டாண்டில் விழுகிறது. ஐபேடு சூடாகிவிட்டது, ஆறட்டும் என்ற எச்சரிக்கையைத் தவிரத் திரையில் வேறொன்றும் இல்லை. கம்பி, பெட்டி, சேனல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அது ஆறும்வரை கீபோர்டின் சொந்த ஒலியிலேயே ஒத்திகை பார்த்தோம். மைக் செட்காரர்தான் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து மேலே கூரை மாதிரி சாய்த்து வைத்தார். அன்றிலிருந்து என் பையில் அடாப்டரோடு ஒரு அட்டையும் இருக்கிறது.