கார் முதல் நாளே, மாமியார் தண்ணீர் வந்த பிறகா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு குழந்தைகள், 76 வயது மாமியார். அவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். முழங்கால் தேய்ந்ததால் வாக்கரில்தான் நடப்பார். புயல் எச்சரிக்கை வந்ததுமே காரை மேம்பாலத்தில் விட்டுவிடுவோம். தண்ணீர் உள்ளே வந்தால் அத்தையை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எமர்ஜென்சி பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

பதில்: பையை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளை மறுபடி படியுங்கள். எச்சரிக்கை வந்ததுமே கார் கிளம்பிவிடுகிறது. அத்தை மட்டும் தண்ணீர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காரை மேலே விடுவதைத் தப்பு சொல்லவில்லை. 2024 அக்டோபரில் அந்த மேம்பாலம் முழுக்கக் கார்கள் வரிசையாக நின்றன, 2015-லும் 2023-லும் பட்ட பாடு அப்படி. அந்தப் பாடத்தைக் காருக்குப் படித்தவர்கள் பெற்ற தாய்க்கு ஏன் படிக்கவில்லை?

"தூக்கிக்கொள்ளலாம்" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தரைத்தளத்தில் பல வீடுகளில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வராது. பாத்ரூம் வழியாகச் சாக்கடையாகப் பொங்கி வரும். கரண்ட் போயிருக்கும். வழுக்கும் படியில், இருட்டில், பயந்து போன ஒரு வயதானவரை உங்கள் கணவர் ஒருவரே தூக்க வேண்டும், நீங்கள் இரண்டு பிள்ளைகளைப் பிடித்திருப்பீர்கள். 2015 டிசம்பர் 2 காலையில் எங்கள் தெருவில் ஒரு தாத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வேட்டியால் கட்டி நான்கு பையன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். குளிரால் இல்லை, நனைந்த துணியோடு தெருவே பார்க்கிறதே என்ற கூச்சத்தால். அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஆரஞ்சு அலர்ட் சொன்ன அன்றே, பகல் வெளிச்சத்தில், கார் சாவியைத் தொடுவதற்கு முன் அத்தை மாடிக்குப் போக வேண்டும், அல்லது மேடான இடத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டாகிவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? முழங்கால் மடங்காதவருக்கு அதுதான் முதல் கேள்வி.

சரி, பை. இரண்டு வாரத்துக்கான மாத்திரை, இன்சுலின், ஊசி, மருந்துச் சீட்டு, சுகர் இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ், டார்ச், பவர் பேங்க், மாற்றுத் துணி, பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம். 2023 மிக்ஜாம் சமயத்தில் உங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜை நம்ப முடியாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் சூடு படாத இடத்தில் பொதுவாகச் சுமார் நான்கு வாரம் தாங்கும், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஐஸில் வைத்து உறைய விட்டால் அது வீண். சம்ப்பில் வெள்ளம் கலந்துவிடும், கேன் தண்ணீரை மாடியிலேயே வையுங்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் சிலிண்டரையும் மூடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077; அதைப் போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதுங்கள்.

இதைக் கணவரிடம் காட்டுங்கள். மாமியாரின் மருந்தைக் கவனிப்பது நீங்கள், கடிதம் எழுதியதும் நீங்கள். அவர் தரப்பிலிருந்து வந்தது அந்த ஒரு "தூக்கிக்கொள்ளலாம்" மட்டும்தான். மாடி வீட்டில் போய்க் கேட்க வேண்டியவர் மகன்தான், அதை மருமகள் தலையில் கட்டக்கூடாது.

இவ்வளவு திட்டம் போட்டீர்களே, அத்தையிடம் யாராவது கேட்டீர்களா? அவருக்கு எந்தப் பயம், எதை விட்டு வர மனம் வராது என்று? வருகிற ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, நிதானமாக அவரை மாடிக்கு அழைத்துப் போங்கள். எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது, எங்கே கை பிடிக்கிறார், அங்கே டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.